கார் உதிரிபாக விற்பனை நேர்காணல்: எதற்குத் தயாராக வேண்டும்?

கார் உதிரிபாக விற்பனைப் பணிக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில், கேள்வி கேட்கும் இடத்தில் நான் பல ஆண்டுகளாக அமர்ந்து வருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் பாகங்களின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். அது வேண்டியதுதான், ஆனால் நாங்கள் முதலில் கவனிப்பது, வாடிக்கையாளர் ஒரு பொருளின் பெயரைச் சொன்னதும் இவர் அலமாரியை நோக்கித் திரும்புகிறாரா, சரியான கேள்விகளைக் கேட்கிறாரா என்பதைத்தான். தவறான பாகம் கைமாறிவிட்டால், ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் போட்ட வண்டி அப்படியே நிற்கும். மெக்கானிக்கின் நேரம் வீணாகும், கடையின் பெயரும் கெடும்.

"ஒருவர் வந்து முன்பக்க பிரேக் பேட் கேட்கிறார், என்ன செய்வீர்கள்?" என்றுதான் பெரும்பாலும் தொடங்குவேன். விலையைச் சொல்வேன் என்று உடனே பதில் தருகிறவர்கள் உண்டு. வண்டியின் மாடல், தயாரிப்பு ஆண்டு, எஞ்சின் வகை ஆகியவற்றைக் கேட்டு, ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான வின் எண்ணையும் வாங்கி, கேட்லாக்கில் பார்ட் நம்பரைச் சரிபார்த்த பிறகே பொருளை எடுப்பேன் என்று சொல்பவரிடம் மேற்கொண்டு பேச ஆர்வம் வருகிறது. ஒரே மாடலிலேயே ஆண்டின் நடுவில் பாகம் மாற்றப்படுவதுண்டு என்பதால், தயாரிப்பு மாதம் வரை கேட்க வேண்டிய தருணங்களும் வரும். வின் எண்ணில் எழுத்தும் இலக்கமும் கலந்து மொத்தம் 17 இடங்கள் இருக்கும். 1, 0 ஆகியவற்றோடு குழம்பக் கூடாது என்பதற்காக ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று எழுத்துகளும் அதில் இடம்பெறுவதில்லை. தொலைபேசியில் வாடிக்கையாளர் "ஓ" என்று படித்தால் அது பூஜ்யம்தான் என்று தெரிந்து குறித்துக்கொள்ள வேண்டும். இடது, வலது என்பது ஓட்டுநர் இருக்கையில் முன்நோக்கி அமர்ந்த நிலையில் சொல்லப்படுவது. வண்டிக்கு எதிரே நின்று பார்த்துச் சொல்பவர்களால் திரும்பி வரும் ஹெட்லைட்டுகளும் கண்ணாடிகளும் கொஞ்சமல்ல.

பொருளறிவைப் பொறுத்தவரை, நூறு பாகங்களை மேலோட்டமாகப் படிப்பதைவிட, அதிகம் விற்கும் சிலவற்றை ஆழமாகப் படிப்பதே பயன் தரும். பிரேக் ஆயிலை எடுத்துக்கொள்வோம். அதன் தர வகைகளில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகியவை கிளைக்கால் என்ற வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்டவை. டாட் 5 மட்டும் சிலிக்கான் அடிப்படையிலானது. எண் வரிசையை நம்பி டாட் 5.1-க்குப் பதிலாக டாட் 5-ஐக் கொடுத்துவிட்டால், அது ஓர் உயிரோடு விளையாடுவதாகும். ஸ்பார்க் பிளக்கிலும் இப்படியொரு சிக்கல் இருக்கிறது: வெப்பநிலை வகையைக் குறிக்கும் எண் கூடினால் என்ஜிகே நிறுவனத்தின் பிளக் குளிர் வகையை (வெப்பத்தை விரைவாக வெளியேற்றுவது) நோக்கிப் போகும், பாஷ் நிறுவனத்தின் பிளக்கோ சூட்டு வகையை நோக்கிப் போகும். எனவே எண்ணைப் பார்த்து ஒன்றுக்கு மற்றொன்றைத் தரக் கூடாது. ஒப்பீட்டுப் பட்டியலைப் பார்த்தே தர வேண்டும்.

கூடுதல் விற்பனை பற்றியும் கேட்பார்கள். டைமிங் பெல்ட் வாங்குகிறவரிடம், பெல்ட்டை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனரையும், அதே பெல்ட்டால் இயங்கும் வாட்டர் பம்ப்பையும் நினைவூட்டுவது நியாயமான விற்பனை. ஏனெனில் பின்னர் அவற்றில் ஒன்று பழுதானால் அதே வேலையை முழுவதுமாக மறுபடி செய்ய நேரும். ஆனால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் கேட்டு வருகிறவரிடம் பேட்டரியைச் சோதித்தீர்களா என்று கேட்காமல் விற்பதை நான் விற்பனைத் திறமையாகக் கருதுவதில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால், பெரும்பாலான வண்டிகளில் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். இதைச் சொல்லி ஒரு விற்பனையை இழந்தாலும், அந்த மனிதர் அடுத்த முறையும் நம்மிடமே வருவார்.

கணக்கில் ஒரு கேள்வி நிச்சயம் வரும். 100-க்கு வாங்கிய பொருளை 125-க்கு விற்றால், வாங்கிய விலையின் மேல் வைத்தது 25 சதவீதம். விற்ற விலையில் கிடைத்த லாபம் 20 சதவீதம். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு தள்ளுபடி தருபவரால் கடை நஷ்டப்படும்.

கோபத்தோடு பொருளைத் திருப்பிக்கொண்டு வருகிறவரை எப்படிக் கையாள்வீர்கள் என்ற கேள்விக்கு, "பொறுமையாகப் பேசுவேன்" என்ற பதில் மட்டும் போதாது. பில்லையும் பெட்டியின் மேலுள்ள பார்ட் நம்பரையும் ஒப்பிட்டு, பாகம் பொருத்தப்பட்டதற்கான தடயம் இருக்கிறதா என்று பார்த்து, தவறு கடையுடையது என்றால் அதை ஒப்புக்கொண்டு, சரியான பாகம் எப்போது கிடைக்கும் என்று நேரத்தோடு சொல்வேன் என்ற அளவுக்குப் பதில் தெளிவாக இருக்கட்டும்.

உடை, நேரம் தவறாமை ஆகியவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் முறை வரும்போது, கடை எந்த கேட்லாக்கைப் பயன்படுத்துகிறது, மின் பாகங்களைத் திரும்பப் பெறும் விதி என்ன, வாடிக்கையாளர்களில் ஒர்க்‌ஷாப்காரர்கள் அதிகமா, நேரடியாக வரும் வண்டி உரிமையாளர்கள் அதிகமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியின் பதிலை வைத்தே, அங்கே உங்கள் அன்றாட வேலை எப்படி இருக்கும் என்பதை ஓரளவு கணித்துவிடலாம்.