நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர்

செங்கோட்டையில் ஒற்றைத் தலைவலி. புளியரையைத் தாண்டிக் கேரளத்து ஆரியங்காவு போனால் அதற்கே பெயர் சென்னிக்குத்து. மலையின் இரு பக்கத்தாரும் கேட்பது ஒன்றைத்தான்: "வலிக்கு முன்னாடி பளபளன்னு ஒரு நெளிகோடு ஓடுதே, கண்ணுல கோளாறா?"

ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். இரண்டிலும் கோடு தெரிந்தால் சங்கதி பின்மண்டையில், பார்வைக்கான மூளைப் புறணியில் (மூளையின் மேலடுக்கில்). அங்கே நரம்பணுக்கள் கூட்டமாகத் துடித்து, பொட்டாசியத்தை வெளியே கொட்டி, சில நிமிடம் ஓய்ந்துவிடும். கொட்டிய பொட்டாசியம் அடுத்த அணுக்களைக் கிளப்பும். இப்படி நகரும் அலையின் முன்விளிம்புதான் மின்னும் கோடு. அலை கடந்த இடம், பின்னாலேயே வரும் பார்வையற்ற திட்டு.

1941இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி தன் கண்ணில் ஓடிய கோட்டை வரைந்து, நேரம் குறித்து, புறணியில் அதன் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 3 மி.மீ. என்று கணக்கிட்டார். வலிப்பு பற்றி ஆராயப் போன பிரேசில்காரர் லெயாவோ, 1944இல் முயல் மூளையில் ஓர் அலையைக் கண்டார். அதற்கும் ஏறக்குறைய அதே வேகம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க 1958இல் மில்னர் என்ற ஆய்வாளர் வரவேண்டியிருந்தது. "எந்த நோய்க்கு மருந்து கிடைக்கும்?" என்று கேட்டு மட்டுமே பணம் ஒதுக்குபவர்கள் இந்த வரலாற்றைப் படிக்கலாம்.

கோடு நடுவில் ஊர்ந்து, ஓரத்தில் விரையும். அலை வேகமெடுப்பதில்லை. புறணியில் நடுப்பார்வைக்கு ஏக்கர் கணக்கில் இடம், ஓரப்பார்வைக்கு சென்ட் கணக்கில். அதனால் அதே 3 மி.மீ. ஓரத்தில் நெடுந்தூரமாகிவிடுகிறது. பெரும்பாலும் 5 முதல் 60 நிமிடத்தில் கோடு தானே மறையும். அதற்குள் மிளகாய் சுற்றிப் போட்டிருந்தால் பேர் மிளகாய்க்கு!

மூளைக்கு வலி தெரியாது. அதன் உறைக்குத் தெரியும். அலை வலி நரம்பை எப்படி எட்டுகிறது? 2024இல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் ஒரு வழியைக் காட்டினார்கள். அலைக்குப் பின் சி.ஜி.ஆர்.பி. உள்ளிட்ட புரதங்கள் மூளையைச் சுற்றியுள்ள நீரில் கலந்து, முகத்துக்கும் மூளை உறைக்கும் வரும் முப்பிரி நரம்பின் முடிச்சுக்குப் போய்ச் சேர்ந்து அதைத் தூண்டுகின்றன. சி.ஜி.ஆர்.பி.யின் வேலையைத் தடுக்கும் ஊசிகள் 2018 முதலே உண்டு, விலைதான் எட்டாது.

மருத்துவர் டிரிப்டான் (இந்தத் தலைவலிக்கான மாத்திரை) எழுதியிருந்தால், கோடு ஓடும்போது அல்ல, வலி தொடங்கியதும் போடுங்கள். தாமதித்தால் வயிறு மந்தமாகி மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது. மாதம் 10 நாளோ அதற்கு மேலோ என்று மாதக்கணக்கில் போட்டால் மாத்திரையே தலைவலி தரும். இதயநோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது.

முதல்முறை கோடு தெரிந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஊராமல் சட்டென்று பார்வை போனாலோ, வாய் கோணி ஒரு கை சோர்ந்தாலோ பக்கவாதமாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.