ஆர்சனல்: கிடங்கா, சாலையா?

அக்கா மகன் கைபேசியில் ஏதோ காணொளி பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒரு குரல், 'ஆயுதக் கிடங்கு என்று பொருள்படும் ஆர்சனல் அணியின் துப்பாக்கி வீரர்கள்' என்று முழங்கியது. அவன் போட்டிருந்தது அதே லண்டன் கால்பந்து அணியின் சிவப்புச் சட்டை. நெஞ்சில் இருந்த சின்னத்தைக் குனிந்து பார்த்தவன், "மாமா, துப்பாக்கிக்கு எதுக்குச் சக்கரம்?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. கிடங்கு, துப்பாக்கி வீரர்கள் என்ற இந்த இரண்டையும் எத்தனையோ தடவை கேட்டும் படித்தும் சலித்தாயிற்று. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

சொல்லின் பிறப்பைச் சட்டென்று முடித்துவிடலாம். அரபியில் தார் என்றால் வீடு, ஸினாஆ என்றால் செய்தொழில். இரண்டும் சேர்ந்தால் தொழில் நடக்கும் வீடு. வெனிஸ்காரர்கள் தங்கள் கப்பல் கட்டும் துறைக்கு அந்தப் பெயரை வைத்து, வாய்க்கு வந்தபடி 'அர்செனாலே' ஆக்கிக்கொண்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. பிறகுதான் படைக்கலம் செய்யும் இடம், வைக்கும் இடம் என்ற பொருள்கள் வந்து ஒட்டிக்கொண்டன.

இப்போது கிடங்குக்கு வருவோம். கிட என்ற அடியிலிருந்து வந்த சொல். பழைய பாட்டுகளில் கிடங்கு என்றால் கோட்டையைச் சுற்றியுள்ள அகழி. பிற்பாடு சரக்கு போட்டு வைக்கும் இடமாயிற்று. எப்படிப் பார்த்தாலும் ஒன்று சும்மா கிடக்கிற இடம். நெல் கிடக்கும், உரமூட்டை கிடக்கும். ஆனால் அணிக்குப் பெயர் கொடுத்த ஆர்சனல் இருந்தது லண்டனுக்குக் கிழக்கே, தேம்ஸின் தென்கரையில் உள்ள வூலிச்சில். அங்கே எதுவும் சும்மா கிடக்கவில்லை.

17ஆம் நூற்றாண்டில் அந்த இடம் சேமிப்பிடமாகத்தான் தொடங்கியது. அதை மறைத்து வாதாடப் போவதில்லை. ஆனால் 1717 வாக்கில் பீரங்கி வார்க்கும் உலை வந்தது. 1805இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் 'ராயல் ஆர்சனல்' என்று பெயர் சூட்டியபோது வார்ப்பதும் கடைவதும் குண்டுக்கு மருந்து நிரப்புவதும் அங்கே நடந்துகொண்டிருந்தன. முதல் உலகப் போரின்போது சுமார் 80,000 பேர் வேலை பார்த்தார்கள். எந்தக் கிடங்கில் ஐயா இத்தனை பேருக்கு வேலை?

அணி பிறந்ததும் அந்த வேலையாட்களிடம்தான். டயல் ஸ்கொயர் என்பது அங்கே இருந்த ஒரு பட்டறை. வாசலுக்கு மேலே சூரியக் கடிகாரம் வைத்திருந்ததால் அந்தப் பெயர். 1886இல் டேவிட் டான்ஸ்கின் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் கூட வேலை பார்த்தவர்களும் சேர்ந்து, பட்டறையின் பெயரிலேயே ஓர் அணி அமைத்தார்கள். டிசம்பர் 11இல் முதல் ஆட்டம், 6-0 என்று வெற்றி. கொஞ்ச நாளில் ராயல் ஆர்சனல் என்று பெயர் மாறியது. 1891இல் சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் தொழில்முறைக் கழகமாயிற்று. 1893இல் வூலிச் ஆர்சனல் என்ற பெயரோடு கால்பந்து லீகில் சேர்ந்தது. தெற்கு இங்கிலாந்திலிருந்து அதில் நுழைந்த முதல் கழகம் அதுதான். (கழகம் என்ற சொல்லும் லேசுப்பட்டதல்ல. வள்ளுவரிடம் அது சூதாடும் இடம்.)

ஆக, கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு வேலை முடிந்து வந்தவர்களின் அணி. அதன் பெயரைக் கிடங்கு என்று சொன்னால் அந்த ஆட்களே காணாமல் போகிறார்கள்.

தமிழில் இந்த வேறுபாடு தெரியாததல்ல. புறநானூற்றின் 95ஆம் பாட்டு இதை வைத்துத்தான் நடக்கிறது. தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்த்த ஔவையார், இவை மயிற்பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன என்கிறார். அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து 'கொல்துறைக் குற்றில'. அதாவது கொல்லனின் சின்னக் குடிசையில் கிடக்கின்றன. முதலாவது கிடங்கு. இரண்டாவது பட்டறை. எது உயர்ந்தது என்று கிழவி சொல்லாமல் சொல்லிவிட்டுப் போனார். நாம் என்னடாவென்றால் பட்டறைக்காரர்களின் அணிக்குத் தொண்டைமான் மாளிகையின் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

என் தேர்வு படைக்கலச்சாலை. (சாலை என்றால் இங்கே தெருவல்ல; வீடு, கூடம்.) 'சாலை வடசொல்' என்று ஒரு நண்பர் குறுக்கே வந்தார். படைக்கல ஆலை என்று வைக்கச் சொன்னார். ஆலை என்றால் முதலில் கரும்பு பிழிவதுதான். அது பஞ்சாலைக்கும் காகித ஆலைக்கும் விரிந்ததை ஏற்கிறவர், தொழிற்சாலை என்று தினம் நூறு முறை சொல்லும் நாட்டில் சாலையை மட்டும் ஏன் விரட்ட வேண்டும்? அரபுச் சொல்லுக்கு இணையாகத் தொழிற்சாலை அப்படியே உட்காருகிறது, தொழில், வீடு இரண்டும் உண்டு. படைக்கலப் பட்டறை என்றும் யோசித்தேன். டயல் ஸ்கொயருக்கு அது பொருந்தும், 80,000 பேருக்குப் பொருந்தாது. கொட்டில் என்றால் மாடு கட்டுகிற நினைவு வருகிறது.

பெயரை எதற்கு மொழிபெயர்க்க வேண்டும் என்பது சரியான கேள்வி. ஆட்டத்தின் முடிவைச் சொல்லும்போது ஆர்சனல் என்றே எழுதுங்கள். 1913இல் ஆற்றைத் தாண்டி வடக்கே ஹைபரிக்குப் போய், அடுத்த ஆண்டே வூலிச்சைப் பெயரிலிருந்து கழற்றிவிட்டார்கள். 1932இல் அங்கிருந்த கில்லெஸ்பி ரோடு சுரங்க ரயில் நிலையத்துக்கே ஆர்சனல் என்று பெயர் மாறியது. நடைமேடைச் சுவரின் ஓடுகளில் இன்றும் பழைய பெயர் பதிந்திருக்கிறது. ஒரு துப்பாக்கி ரவைகூடச் செய்யாத பேட்டைக்கு அந்தப் பெயர் என்றால், அது வெறும் பெயராகிவிட்டது. ஆனால் 'என்று பொருள்படும்' என வாயைத் திறந்தபின் பொருளைச் சரியாகச் சொல்ல வேண்டாமா?

அப்புறம் அந்தச் சக்கரம். சட்டைச் சின்னத்தில் இருப்பது துப்பாக்கியல்ல, சக்கரத்தில் நிற்கும் பீரங்கி. பட்டாளத்து ஆங்கிலத்தில் 'கன்' என்றால் பீரங்கி. 'கன்னர்' பீரங்கிப் படையாள். அணியின் பட்டப்பெயரான 'கன்னர்ஸ்' அதுதான். 1888இல் வந்த முதல் சின்னத்தில் மூன்று பீரங்கிகள் வாயை மேலே காட்டி நிற்கும். விவரம் தெரியாதவர்கள் புகைபோக்கி என்று நினைப்பார்கள். அதையாவது மன்னிக்கலாம், தொழிற்சாலைதானே. இதைப் போய்த் துப்பாக்கி வீரர்கள் என்பவர் சின்னத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, அகராதியில் முதல் பொருளை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். இப்போது மொழிபெயர்ப்பே இந்த ஓட்டமாகத்தான் இருக்கிறது. பீரங்கியர் என்று சொன்னால் போதும். பீரங்கி தமிழா என்று கேட்டால், பறங்கிக்கு உறவான பாரசீகச் சொல். துப்பாக்கியோ துருக்கியிலிருந்து வந்தது. தூய்மையில் இரண்டும் ஒன்றுதான், பொருளில்தான் ஒன்று தப்பு.

இவ்வளவையும் கேட்ட பையன் அந்தக் காணொளியின் கீழே போய், 'துப்பாக்கிக்குச் சக்கரம் கிடையாது' என்று மட்டும் எழுதினான். பதில் வரவில்லை. நாலு பேர் விருப்பம் போட்டிருக்கிறார்களாம்.