மஞ்சள் காய்ச்சல்: காமாலை வேறு, இது வேறு

குமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம் பக்கம் கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை ‘எல்லோ ஃபீவர் ஊசி’ என்றுதான் சொல்வார்கள். அதுவரை குழப்பமில்லை. அதுவே வீட்டுக்குள் போய் ‘மஞ்சக்காமாலை ஊசி’ ஆகிவிட்டால் போச்சு. “மஞ்சக்காமாலைக்குக் கீழாநெல்லிய அரைச்சு மோருல குடிச்சா போதும்லா, அதுக்குப் போயி தூத்துக்குடி வரைக்கும் போணுமா?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்கத்தான் செய்வார். அவர் மேல் தப்பில்லை. காதில் விழுந்த சொல் அப்படி.

காமாலை என்பது தனி நோயே அல்ல, ஓர் அறிகுறி. கல்லீரல் கெட்டாலும், பித்தநீர்ப் பாதை அடைத்தாலும் கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகும். வடமொழியின் ‘காமலா’வே தமிழில் காமாலை ஆனது. ஈழத்தில் செங்கமாரி என்பார்கள். அசுத்தமான தண்ணீரில் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ரத்தம் வழியே பரவும் ஹெபடைடிஸ் பி, எலிக்காய்ச்சல், பித்தப்பைக் கல் என்று அதற்குக் காரணங்கள் பல. மஞ்சள் காய்ச்சலுக்குக் காரணம் ஒன்றே ஒன்று: ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் ஏடிஸ் முதலான கொசுக்கள் பரப்பும் ஒரு வைரஸ். ஹெபடைடிஸ் ஊசி போட்டவருக்கு இதிலிருந்து பாதுகாப்புக் கிடையாது.

‘எல்லோ ஃபீவர்’ என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழாக்கியதுதான் மஞ்சள் காய்ச்சல். நோய் முற்றினால் உடல் மஞ்சளிப்பதால் வந்த பெயர். ஆனால் பெரும்பாலான நோயாளிகள் மஞ்சளாவதே இல்லை. காய்ச்சல், தலைவலி, முதுகுவலி, வாந்தி என்று மூன்று நான்கு நாளில் தேறிவிடுவார்கள். சிலருக்குத்தான் காய்ச்சல் திரும்ப வந்து, காமாலையும் ரத்தக்கசிவும் சேரும். அந்தக் கட்டத்துக்குப் போனவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைப்பதில்லை. ஸ்பானியர்கள் இதைக் ‘கறுப்பு வாந்தி’ என்றார்கள். வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் அப்படி வெளியே வரும். பெயரென்று பார்த்தால் அதுதான் எச்சரிக்கை.

டெங்கு, ஜிகா வைரஸ்களையும் உள்ளடக்கிய ‘ஃப்ளேவி வைரஸ்’ என்ற குடும்பப் பெயரும் இந்த நோயிலிருந்து வந்ததே. லத்தீனில் ‘ஃப்ளாவுஸ்’ என்றால் மஞ்சள். கொசுதான் இதைப் பரப்புகிறது என்று கியூபா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881இல் சொன்னபோது பலரும் ஏற்கவில்லை. 1900இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீட்டின் குழு அதை நிரூபித்தது. தடுப்பூசியை உருவாக்கிய மாக்ஸ் டைலருக்கு 1951இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? புணர்ச்சி பார்த்து எழுதுபவர்கள் ‘மஞ்சட்காய்ச்சல்’ என்று எழுதலாம், இலக்கணப்படி அதுவே சரி. பேச்சுக்கும் அறிவிப்புப் பலகைக்கும் ‘மஞ்சள் காய்ச்சல்’ போதும். ‘காய்ச்சல்’ என்ற பாதியை மட்டும் விட்டுவிடக் கூடாது. களியக்காவிளை தாண்டினால் மலையாளத்தில் காமாலை ‘மஞ்ஞப்பித்தம்’, இந்த நோய் ‘மஞ்ஞப்பனி’. பனி என்றால் அங்கே காய்ச்சல். எவ்வளவு தெளிவாகப் பிரித்துவிட்டார்கள்! நம் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தாருக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பதும் எளிது.

வளைகுடாவுக்கு நேராகப் போகிறவர்களுக்கு இந்த ஊசி தேவைப்படாது. நைஜீரியா, கானா, உகாண்டா, பிரேசில் என்றால் தேவை. கப்பல் எந்தத் துறைமுகம் தொடும் என்று முன்கூட்டித் தெரியாததால் மாலுமிகள் போட்டுவைத்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், சென்னை, தூத்துக்குடித் துறைமுக சுகாதார அலுவலகங்கள் என்று சில இடங்களில்தான் போடுவார்கள். நமக்குத் தூத்துக்குடி பக்கம். போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும், டிக்கெட் எடுத்துவிட்டு ஓடினால் நடக்காது. ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள், முட்டை கடுமையாக ஒவ்வாதவர்கள், எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள், அறுபது வயதைத் தாண்டியவர்கள் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும்.

ஊசி போட்டாலும் கொசுவை விட்டுவிட முடியாது. ஏடிஸ் பகலில் கடிப்பது, ராத்திரி வலை மட்டும் போதாது. முழுக்கைச் சட்டை, கொசுவிரட்டிக் களிம்பு இரண்டும் வேண்டும். அதே நாடுகளில் ராத்திரிக் கொசு மலேரியாவைத் தரும், அதற்கு மாத்திரை தனி.

சான்றிதழ் இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து ஊர் திரும்பினால் இங்கே ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். வைரஸ் உடலில் புகுந்து நோய் வெளிப்பட மூன்று முதல் ஆறு நாள் ஆகும், கணக்கு அதுதான். இந்தியாவில் இந்த நோய் இல்லை. பரப்பும் கொசு மட்டும் ஊரெங்கும் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு கெடுபிடி. பழைய சான்றிதழான மஞ்சள் அட்டையில் பத்து ஆண்டு என்று எழுதியிருந்தாலும் கவலை வேண்டாம். 2016 ஜூலை முதல் ஒரு தடவை போட்ட ஊசிக்கு ஆயுள் முழுக்கச் செல்லுபடி உண்டு.