முன் பிரேக்கைத் தொடவே பயமா?

போன ஞாயிறு ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வேன் ஒன்றின் பின்னால் மோதிய கஃபே ரேசர் பைக், சரக்கு ஆட்டோவில் பட்டறைக்கு வந்தது. ஃபோர்க் வளைந்திருந்தது. வீலைக் கழற்றினால், பின் டிஸ்க் பேட் தேய்ந்து தகடு தெரிகிறது. முன் பேட் புதுசாகவே இருக்கிறது. எப்படி மோதினார் என்று கேட்கவே வேண்டாம். இந்த மாதத்தில் இது மூன்றாவது வண்டி. ஓட்டிய தம்பிக்குக் காறை எலும்பு முறிவு.

“முன்னாடி பிடிச்சா தூக்கி அடிச்சிடும்ணே” என்கிறார்கள். யார் சொன்னது? அப்பா ஓட்டிய புல்லட்டில் முன்னால் டிரம் பிரேக். என்னதான் இறுக்கினாலும் வண்டி லேசில் நிற்காது; காலை நம்பித்தான் ஓட்டினார்கள். (அந்த பிரேக் மிதியும் அப்போது இடது பக்கம், கியர் வலது பக்கம்.) சின்ன வயதில் சைக்கிளில் முன் பிரேக் பிடித்துக் குப்புற விழுந்த பயமும் சேர்ந்துகொண்டது. அதையே பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டோம்.

தாழ்ந்த ஹேண்டில், நீண்ட டேங்க் என்று பார்வைக்குத்தான் கஃபே ரேசர் 1960-களின் லண்டன் வண்டி. சென்னையை ஒட்டித் தயாராகும் ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 648 சிசி, இரட்டை சிலிண்டர், 47 குதிரைத்திறன். முன் டிஸ்க் 320 மிமீ, பின் டிஸ்க் 240. பெரிய டிஸ்க்கை முன்னால் வைத்தது அழகுக்கா? பிரேக் பிடித்ததும் பாரம் முன் சக்கரத்துக்குப் போய்விடும், பின் டயர் லேசாகிவிடும். அந்த லேசான டயரை மட்டும் பிடித்து 200 கிலோ வண்டியை எப்படி ஐயா நிறுத்துவீர்கள்?

லீவரை வெடுக்கென்று பிடிக்காதீர்கள். முதலில் மெல்ல, பிறகு அழுத்தமாக, கூடவே பின் பிரேக்கையும். வண்டி நேராக இருக்கும்போது பிடியுங்கள். வளைவில் சாய்ந்திருக்கும்போது வேண்டாம். முழங்கால்களால் டேங்கை இறுக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உடம்பின் எடையெல்லாம் மணிக்கட்டில் வந்து விழும். விரலில் தடதடவென்று உதைத்தால் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்கிறது என்று அர்த்தம். பிரேக் போய்விட்டதென்று பயந்து கையை விடாதீர்கள்.

ஸ்கிட் அடிப்பதற்காக ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கச் சொல்லி என்னிடம் வராதீர்கள். செய்து தர மாட்டேன். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

இந்த வாரமே ஆளில்லாத மைதானமாகப் பார்த்து, முப்பதில் போய், இரண்டு பிரேக்கையும் சேர்த்து இருபது முறை பிடித்துப் பாருங்கள், தம்பிகளா. கை பழகிய பிறகு ஈசிஆருக்குப் போகலாம்.