டிவிடெண்ட்: பங்கிலாபமும் ஈவுத்தொகையும்

இலங்கையில் கணக்கீடு படித்தவர்கள் 'பங்கிலாபம்' என்பார்கள். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அதுவே 'ஈவுத்தொகை'. திருகோணமலைக் கடைத்தெருவில் இரண்டும் அதிகம் காதில் விழாது, 'டிவிடெண்ட் விழுந்திட்டுதா?' என்றுதான் கேட்பார்கள். சிலர் 'ஷெயர் வட்டி' என்றும் சொல்வதுண்டு. அது ஒன்றுதான் பிழை. கம்பனிக்கு நட்டம் வந்தாலும் கடன் தந்தவருக்கு வட்டி கட்டியே ஆகவேண்டும். டிவிடெண்டோ இலாபத்திலிருந்து பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுப்பது. பணிப்பாளர் சபை கொடுக்க முடிவெடுக்கும் வரை அதைக் கேட்டு வாங்க யாருக்கும் உரிமையில்லை. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வட்டி வேண்டாம் என்று ஒதுங்குகிறவர்களுக்கு இந்த வேறுபாடு வெறும் சொல் வேறுபாடல்ல.

'டிவிடெண்டும்' என்ற இலத்தீன் சொல்லுக்குப் 'பிரிக்கப்பட வேண்டியது' என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கணிதத்தில் டிவிடெண்ட் என்றால் வகுபடும் எண். தமிழிலோ வகுத்து வரும் விடைக்குத்தான் 'ஈவு' என்று பெயர். ஆங்கிலச் சொல் பிரிக்கப்போகும் மொத்தத்தைப் பார்க்கிறது, தமிழ்ச்சொல் ஒவ்வொருவர் கைக்கும் வருவதைப் பார்க்கிறது. 'ஈ' என்ற வினைக்குக் கொடுத்தல் என்று பொருள் என்பதால், கொடுப்பவரின் முடிவும் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

1639இல் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பனி, 1602இல் தொடங்கி 1610இல்தான் முதல் டிவிடெண்டைக் கொடுத்தது. அதிலும் பெரும்பகுதி காசல்ல, சாதிபத்திரி என்ற வாசனைச் சரக்கு. பங்குதாரர்கள் முணுமுணுத்ததில் வியப்பில்லை.

'பங்கிலாபம்' என்பதில் ஒரு சிக்கல் உண்டு. பங்கை விற்றுக் கிடைக்கும் இலாபம் என்று புதியவர்கள் விளங்கிக்கொள்கிறார்கள். அது மூலதன ஆதாயம், வேறு சங்கதி. எனவே பொதுவாசகருக்கு எழுதும்போது 'ஈவுத்தொகை' தெளிவானது. இலங்கைக் கம்பனியின் ஆண்டறிக்கை பற்றி எழுதினால், அங்கே உள்ளபடி 'பங்கிலாபம்' என்றே விடுவது நல்லது.

சல்லி, நிலாவெளிக் கரைகளில் கரைவலை மீன் விற்ற காசில் செலவைக் கழித்த பிறகே வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் தொழிலாளருக்கும் பங்கு பிரிபடும். கம்பனியிலும் செலவு, வட்டி, வரி எல்லாம் போன பிறகுதான் ஈவு. ஆனால் மீதி முழுவதையும் பிரித்தாக வேண்டும் என்றில்லை. எவ்வளவு கொடுப்பது, எவ்வளவு பிடித்துவைப்பது என்பதற்கான ஒழுங்கே 'பங்கிலாபக் கொள்கை'.

தனியார் வைத்தியசாலைக் கம்பனிகளில் இந்த இழுபறி கூடுதல். எம்.ஆர்.ஐ இயந்திரம், புதிய சத்திரசிகிச்சைக் கூடம் என்று மூலதனத்தை விழுங்கும் தொழில் இது. இயந்திரமும் மருந்தும் பெரும்பாலும் இறக்குமதி. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது, வெளிநாட்டு நாணயத்தில் கடன் வைத்திருந்தவர்களுக்குக் கணக்கில் நட்டம் விழுந்தது. அதற்கு முன் கொவிட் காலத்தில் பீ.சி.ஆர் பரிசோதனைகளால் வருமானம் ஏறியது. அந்த ஒன்றிரண்டு ஆண்டின் ஈவை வழமையென்று எடுத்துக் கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். ஈவு கொடுத்த வரலாற்றைக் குறைந்தது பத்தாண்டுக்குப் பார்க்கவேண்டும் என்பது இதனால்தான்.

நீண்ட வரலாறும் உத்தரவாதமில்லை. ஜோன்சன் அன்ட் ஜோன்சன் 60 ஆண்டுகளுக்கு மேல் ஒவ்வோர் ஆண்டும் ஈவை உயர்த்தி வருகிறது. அமெரிக்க மருந்துக்கடைச் சங்கிலியான வால்கிரீன்ஸோ 90 ஆண்டுகளுக்கு மேல் கொடுத்துவந்தது. 2024 ஜனவரியில் காலாண்டு ஈவை 48 சதத்திலிருந்து 25 சதமாக்கி, 2025 ஜனவரியில் நிறுத்தியே விட்டது.

ஒரு கணக்கு. பங்கு விலை 40 ரூபா, பங்கொன்றுக்கான உழைப்பு (அதாவது ஒரு பங்குக்குரிய தேறிய இலாபம்) 3 ரூபா, ஈவு 1.20 ரூபா என்று வைப்போம். உழைப்பில் 40% கொடுக்கப்படுகிறது. பங்கு விலையில் ஈவு எத்தனை வீதம் என்பதே 'விளைவு', இங்கே அது 3%. விலை 20 ரூபாவுக்கு விழுந்தால் அதே ஈவு 6% போலத் தெரியும். விலை ஏன் விழுந்தது என்று பார்க்காமல் 6%ஐ மட்டும் பார்த்து வாங்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. காணியையோ துணைக் கம்பனியையோ விற்றுக் கொடுத்த விசேட ஈவையும் விளைவில் சேர்க்கக் கூடாது.

இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, ஈவைக் கொடுத்த பிறகும் கம்பனி உரிய வேளையில் கடன்களைத் தீர்க்கக்கூடியதாக இருக்கவேண்டும். சொத்துகள், பொறுப்புகளையும் கூறப்பட்ட மூலதனத்தையும் (பங்கு வெளியிட்டுப் பெற்ற முதலையும்) சேர்த்ததைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும். பெரும்பாலும் இடைக்கால ஈவைப் பணிப்பாளர் சபையே தீர்மானிக்கும். இறுதி ஈவு ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் அங்கீகாரத்துக்குப் போகும். அங்கீகாரம் கிடைத்தபின் அது கம்பனி உங்களுக்குத் தரவேண்டிய கடன்.

'எக்ஸ்டி' நாளில், அதாவது பங்கு அந்த ஈவுக்கான உரிமை இல்லாமல் கைமாறத் தொடங்கும் நாளில், அல்லது அதற்குப் பிறகு வாங்கினவருக்கு அந்த ஈவு இல்லை. அன்றைக்கு விற்றவருக்கு உண்டு. அன்று விலையும் ஏறக்குறைய ஈவளவு இறங்கும், ஆகவே முதல்நாள் ஓடிப்போய் வாங்குவதில் இலாபம் எதுவுமில்லை. மேற்சொன்ன பங்கில் 1,000 வைத்திருப்பவருக்கு 1,200 ரூபா வரவேண்டும்; 2023 ஜனவரி முதல் உள்ள 15% வரி 180 ரூபாவை மூலத்திலேயே கழித்து, 1,020 ரூபா கணக்குக்கு வரும்.

யுத்தத்திலும் சுனாமியிலும் இடம்மாறிய குடும்பங்களுக்கு வேறொரு சங்கடம்: காசோலை பழைய முகவரிக்குப் போயிருக்கும். காசோலை ஆறு மாதத்தில் காலாவதியானாலும் தொகை கம்பனியின் ஏட்டில் 'கோரப்படாத பங்கிலாபம்' என்று கிடக்கும். பங்குச் சான்றிதழின் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, புதிய முகவரி, வங்கிக் கணக்கு இலக்கம் ஆகியவற்றுடன் கம்பனியின் பங்குதாரர் ஏட்டைப் பராமரிக்கும் பதிவாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பங்கு, சான்றிதழுக்குப் பதிலாக மின்னணுவில் பதியும் மத்திய வைப்பு முறைமைக் கணக்கில் இருந்தால், உங்கள் தரகர் வழியாக வங்கி விபரத்தை அங்கேயும் திருத்துங்கள். ஓரிடத்தில் மட்டும் திருத்தினால் அடுத்த தடவையும் காசு பழைய வழியிலேயே போகலாம்.