நுரையீரலுக்குள் மரபணுவை எந்தத் திரவத்தில் அனுப்புவது?

நுரையீரலில் கெட்டியான சளி அடைத்துக்கொள்ளும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்குக் காரணமான மரபணு 1989-இல் கண்டறியப்பட்டது. 1993-க்குள், பழுதில்லாத மரபணுவை, செல்லுக்குள் அதைக் கொண்டுசேர்க்கும் வாகனமாக அடினோவைரஸ் என்ற வைரஸில் ஏற்றி நோயாளிகளுக்குச் செலுத்தும் சோதனைகள் தொடங்கிவிட்டன. வைரஸைப் பற்றி எவ்வளவோ விவாதித்தார்கள். அதைச் சுமக்கும் திரவத்துக்கும் அதே அளவு கவனம் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வழக்கமான திரவம் உப்புநீர். மலிவானது, வைரஸைக் கெடுக்காது. ஆனால் நீரின் பரப்பு இழுவிசை, அதாவது மேற்பரப்பைச் சுருக்கிப் பிடிக்கும் விசை, மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். அதனால் அது எளிதில் பரவாது. நுரையீரலில் ஊற்றினால் தாழ்வான பகுதிகளில் போய்த் தேங்குகிறது. ஓரிடத்தில் வைரஸ் குவிந்து அழற்சி உண்டாகும். பக்கத்திலேயே மருந்து எட்டாத திசு இருக்கும்.

சர்ஃபேக்டன்ட் இந்த இழுவிசையைக் குறைக்கிறது. நுரையீரல் தானே சுரக்கும் பொருள் இது. குறைமாதக் குழந்தைகளுக்கு மருந்தாகவும் கொடுக்கப்படுகிறது. முயல்களில் இதனுடன் அடினோவைரஸைச் செலுத்தியபோது உப்புநீரைவிடச் சீராகப் பரவியது. ஆனால் மரபணுவை வைரஸில் ஏற்றாமல், நேர்மின்னேற்றம் கொண்ட கொழுப்புத் துகளில் பொதிந்து அனுப்பினால், இதே சர்ஃபேக்டன்ட் அதன் வேலையைக் கெடுத்துவிடுகிறது.

மூன்றாவது, கார்பனும் ஃப்ளூரினும் சேர்ந்த பெர்ஃப்ளூரோகார்பன் திரவம். 1966-இல் கிளார்க், கோலான் இருவரும் ஆக்ஸிஜன் ஏற்றிய இந்தத் திரவத்தில் சுண்டெலிகளை மூழ்கடித்து, அவை அதையே சுவாசித்து உயிர்வாழ்வதைக் காட்டினார்கள். பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 18 மில்லிநியூட்டன் மட்டுமே. அடர்த்தியோ நீரைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வைரஸ் இதில் கரையாது. ஆனால் வைரஸ் கரைசலுடன் சேர்த்து இதையும் செலுத்தினால், அதை நுரையீரலின் கடைக்கோடியில் உள்ள நுண்ணிய காற்றுப்பைகளான நுண்ணறைகள்வரை பரப்புகிறது. பிறகு மூச்சுக்காற்றோடு மெல்ல ஆவியாகி வெளியேறுகிறது.

ஆனால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கு மருந்து சேர வேண்டியது முதன்மையாக மூச்சுக்குழாய்களில், நுண்ணறைகளில் அல்ல. அங்கே சிக்கல் வேறு. குழாயின் உட்சுவரில் மயிர்போல் இருக்கும் குற்றிழைகள் இடைவிடாமல் அசைந்து, விழுந்த எதையும் சளியோடு சேர்த்துத் தொண்டைக்குத் தள்ளிவிடுகின்றன. அடினோவைரஸ் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளும் செல்லின் மேற்புறத்தில் இல்லை. பக்கவாட்டிலும் அடியிலும் ஒளிந்திருக்கின்றன. எனவே இங்கே பரவுவதைவிடத் தங்கி நிற்பதே முக்கியம். மெத்தில்செல்லுலோஸ் ஜெல்லில் கலந்தால் வைரஸ் நெடுநேரம் ஒட்டியிருக்கிறது. மரபணு புகும் செல்களின் எண்ணிக்கையும் கூடுகிறது. இந்த நோய்க்குப் பொருத்தமான சிந்தனை இதுதான் என்பேன். ஏற்கெனவே சளி அடைத்த குழாயில் கெட்டியான ஜெல் நிறைந்தால் மூச்சு என்னாகும் என்ற கவலையும் கூடவே வருகிறது.

பிரிட்டனில் நடந்த பெரிய சோதனை ஒன்றில் மரபணுவைக் கொழுப்புத் துகளில் வைத்து, நெபுலைசர் மூலம் பனிப்படலமாக மாதம் ஒருமுறை ஓராண்டு கொடுத்தார்கள். 2015-இல் முடிவு வெளியானது: மூச்சை ஊதித்தள்ளும் திறனில், மருந்து பெற்றவர்களுக்கும் போலி மருந்து பெற்றவர்களுக்கும் இடையே மருந்துக்குச் சாதகமாக 3.7 சதவீத வேறுபாடு.