நண்டு வளையை அடைத்த கதை

நடவு முடிந்த வயலுக்கு நண்டு பெரிய தொல்லை. வரப்பில் வளை தோண்டிவிடும். சாயங்காலம் கட்டி வைத்த தண்ணீர் விடிவதற்குள் அடுத்த வயலுக்குப் போயிருக்கும். என் ஐந்து வயது மகனுக்கு அவன் அப்பாயி, அதாவது என் அம்மா, ராத்திரியில் சொல்லும் கதையில் அரக்கன் எல்லாம் கிடையாது. இந்த வளைதான் வில்லன்.

ஒரு சின்னப் பெண் வரப்பில் நடந்து போகிறாள். தண்ணீர் ஒழுகுவதைப் பார்க்கிறாள். அவள் வீட்டு வயல் இல்லை, யாரும் அவளைக் கூப்பிடவும் இல்லை. ஒரு பிடி மண்ணை வைத்து அடைக்கிறாள், கரைந்து போகிறது. இரண்டு கையாலும் அள்ளி வைக்கிறாள், அதுவும் போகிறது. மிதித்துப் பார்க்கிறாள், வரப்பே கொஞ்சம் சரிகிறது. அப்புறம் வைக்கோலைச் சுருட்டி உள்ளே திணித்து, மேலே களிமண்ணை அப்புகிறாள். நிற்கிறது. ஒவ்வொரு தடவை மண் கரையும்போதும் அம்மா கதையை நிறுத்தி, "இப்ப என்னடா செய்யலாம்?" என்று அவனையே கேட்பார்.

இதில் நீதி என்று தனியாக எதுவும் இல்லை. ஆனால் குழந்தைகளைப் பற்றி உளவியலாளர்கள் கண்டவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அம்மா பல இடங்களில் சரியாகவே சொல்லியிருக்கிறார்.

அந்த மூன்று தோல்விகளை எடுத்துக்கொள்வோம். 2017-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சுமார் 15 மாதக் குழந்தைகள் முன்னால் ஒரு பெரியவரை உட்கார வைத்தார்கள். சில குழந்தைகள் முன் அவர் பெட்டிக்குள் இருக்கும் பொம்மையை எடுக்கத் திணறி, திரும்பத் திரும்ப முயன்று எடுத்தார். வேறு சிலர் முன் சட்டென்று எடுத்துவிட்டார். பிறகு குழந்தைகள் கையில் ஒரு பொம்மை. அதில் பெரிய பொத்தான் உண்டு, அழுத்தினால் வேலை செய்யாது. திணறலைப் பார்த்த குழந்தைகள் அதை அதிக தடவை அழுத்திப் பார்த்தன. இது நேரில் பார்த்ததன் பலன், கதை கேட்டதன் பலன் அல்ல. இருந்தாலும் கதை சொல்பவருக்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. நாயகி முதல் தடவையிலேயே ஜெயித்துவிட்டால், பிள்ளைக்குப் பார்த்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை.

அடுத்தது, அவள் மனுஷப் பெண். கனடாவின் டொராண்டோவில், பகிர்ந்து கொடுப்பது பற்றிய ஒரே கதையை 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு விதமாகப் படித்துக் காட்டினார்கள். ஒன்றில் படங்கள் எல்லாம் விலங்குகள், இன்னொன்றில் மனிதர்கள். மனிதர் கதை கேட்டவர்கள்தான் பிறகு தங்கள் ஸ்டிக்கர்களைக் கூடுதலாக மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். சட்டை போட்ட விலங்கு செய்ததைத் தன் வாழ்க்கைக்கு மாற்றிப் பார்க்க ஒரு தாண்டல் தேவைப்படுகிறது, சின்ன வயதில் அது சுலபமில்லை. அதற்காக முயலையும் ஆமையையும் துரத்திவிட வேண்டாம், பக்கத்துத் தெருப் பெண்ணும் கதைக்குள் வரட்டும் என்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் சொல் பற்றியது. 2014-ல் வந்த ஓர் ஆய்வில், "உதவி செய்" என்பதற்குப் பதில் "உதவுகிறவராக இரு" என்று சொன்னபோது 3 முதல் 6 வயதுப் பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டு வந்து அதிகமாக உதவினார்கள். ஆங்கிலத்தில் நடந்தது இது. நாம் "நீ உதவுற பிள்ளைதானே?" என்று தாஜா பண்ணுகிறோமே, கிட்டத்தட்ட அதேதான். சரி, பட்டம் கொடுத்தால் போதும் போலிருக்கிறதே என்று தோன்றும். பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இன்னொரு குழு இதையே கொஞ்சம் நீட்டிப் பார்த்தது. உதவப் போன இடத்தில் காரியம் கெடும்படி செய்தார்கள். உதாரணமாக, பிள்ளை பெட்டியை எடுத்து வைக்கப் போனால் உள்ளே இருந்ததெல்லாம் தரையில் கொட்டும். அதற்குப் பிறகு, பட்டம் வாங்கிய பிள்ளைகள்தான் கஷ்டமான உதவிகளிலிருந்து பின்வாங்கினார்கள். "உதவி செய்" என்று மட்டும் கேட்டவர்கள் திரும்ப வந்தார்கள்.

காரணம் யோசித்தால் புரியும். உதவுவது ஒரு வேலை என்றால், கெட்டுப்போனது அந்த ஒரு வேலை. 'உதவுற பிள்ளை' என்பதே நான் என்றால், கெட்டுப்போனது நான். விடாமுயற்சியும் பிறருக்கு உதவுவதும் இரண்டு பாடங்கள் போலத் தெரிந்தாலும், முடிச்சு இந்த இடத்தில்தான் விழுகிறது.

அம்மாவின் கதையில் அந்தப் பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை. அவள் நல்லவள் என்று ஒரு வரியும் இல்லை. அள்ளினாள், மிதித்தாள், திணித்தாள், எல்லாம் வினைச்சொல். அம்மா சொல்லும் கஜா புயல் கதையும் இப்படித்தான். 2018 நவம்பர் 16 விடிந்தபோது தென்னை எல்லாம் படுத்துக் கிடந்ததைச் சொல்லிவிட்டு, யார் மரம் அறுத்தார்கள், யார் பாதையைச் சரிசெய்தார்கள், யார் சோறு ஆக்கினார்கள் என்றுதான் போவார்.

வளையை அடைத்த பெண்ணுக்குப் பரிசும் கிடைக்காது. வார்னகென், டொமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-ல் காட்டியது இது: 20 மாதக் குழந்தைகளுக்கு உதவியதற்காகப் பொருள் கொடுத்துப் பழக்கினால், பிறகு கொடுக்காதபோது அவர்கள் உதவுவது குறைகிறது.

இவ்வளவும் படித்துவிட்டுப் போன வாரம் மகனிடம் கேட்டேன், "கதையில் என்னடா நடந்தது?"

"நண்டுக்கு வீடு போச்சு."

அம்மா அசரவில்லை. இப்போது கதை கொஞ்சம் நீண்டிருக்கிறது. வளையை அடைத்த கையோடு அந்தப் பெண் நண்டைப் பிடித்து வாய்க்கால் கரையில் விட வேண்டும். அது இரண்டு தடவை கடிக்கிறது.